மஞ்சள் துணி கட்டிய சட்டி

என் மகள் நஸ்ரினுக்கு வந்த மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் நான் மலேசியாவுக்குப் புறப்பட்டேன். குறையே இல்லாத குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. குறையை நன்றாக மறைக்கத் தெரிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பையன் பெயர் இர்ஃபான். கோலா சிலாங்கூர் பக்கம் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனை ஆலையில் இன்ஜினியர். அவன் அத்தா ரவூஃப் அந்த ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். பூர்வீகம் எங்கள் தொண்டிதான். நஸ்ரின் மூன்று மாதமாக அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்த இடம் தட்டிப் போச்சுன்னா எனக்கு வேற இடமே பார்க்காதீங்கம்மா" என்று நான் கிளம்புகிற அன்று சொன்னாள். அவள் அத்தா மவுத்தாகி ஒன்பது வருடமாகிறது. சரி என்பதும் வேண்டாம் என்பதும் என் ஒருத்தி வாயில் இருந்தது. அந்தப் பாரத்தோடுதான் விமானம் ஏறினேன்.

துணைக்கு என் அண்ணன் ஜபருல்லா வந்தார். அவர் எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். கோலாலம்பூரில் யாரோ ஒரு நல்ல மனிதர் கைகாட்டிய ரயிலில் அண்ணனை நம்பி ஏறினேன். அது கோலா சிலாங்கூருக்குப் போகவில்லை. அங்கே ரயிலே கிடையாதாம். நாங்கள் போய் இறங்கியது கோலா குபு பாரு. மலை அடிவாரத்தில், சுத்தமான ஸ்டேஷனில், இரண்டு பெட்டியும் ஒரு பை நிறையக் கருவாடுமாக உட்கார்ந்திருந்தோம்.

ரவூஃப் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து எங்களை அழைத்துப் போனார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "பரவால்லலா, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு, காத்து வாங்குன மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தார். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டுவது அந்த நாட்டு வழக்கமாம். அண்ணன் உருகிப் போனார். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டாரை மதுரையில் தேட வேண்டி வந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் அந்த நிக்காஹ் முடிகிற வரை அதைச் சொல்லிக் காட்டுவார். இந்த மனிதர் ஏன் இவ்வளவு பணிவாக இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வழி நெடுகச் செம்பனை. இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. பழக்குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் வெகுநேரம் ஊர்ந்தோம். அதன் டிரைவர் கையை வெளியே நீட்டி ரவூஃபுக்கு ஆட்டினான். இந்தப் பக்கத் தோட்டத்துக்காரர்களோடு இவருக்கு என்ன அவ்வளவு பழக்கம் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நேராகக் கேட்டால் பொய்தான் வரும் என்பது என் கொள்கை. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடு நன்றாக இருந்தது. ரவூஃபின் மனைவி ஹமீதா என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாய் நிறைய அக்கா, அக்கா என்றாள். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ. இர்ஃபான் பட்டம் வாங்கிய கோலத்தில் நடுவில் நிற்கிறான். ஒரு பக்கம் ஹமீதா. மறுபக்கம் நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, ஜரிகைச் சேலை கட்டிய ஒரு பெண், உரிமையோடு அவன் தோளில் கை போட்டிருக்கிறாள். அவளை ஒட்டி ரவூஃப்.

"இது யாரு தம்பி?" என்றேன்.

"அம்மாலா" என்றான் இர்ஃபான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் போல. அதற்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஹமீதாவை அவன் உம்மா என்றுதான் கூப்பிட்டான்.

மறுநாள் எங்களை ஜெராமுக்கு மீன் சாப்பிட அழைத்துப் போனார்கள். கடற்கரை ஊர்க்காரிக்குக் கடல் காட்டுகிறார்களே என்று நினைத்தேன். ஆனால் மீன் புதிதாகத்தான் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணை அழுத்திப் பார்த்தேன். மீன் விற்ற மலாய்க்கார அம்மா இர்ஃபானிடம் ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். என்னவென்று வற்புறுத்திக் கேட்டேன். "இந்த அக்கா பார்க்கிற பார்வையில மீன் செய்யாத குத்தத்தையெல்லாம் ஒத்துக்கும்னு சொல்றாங்க" என்றான். அண்ணன் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது ரவூஃபின் கடையில் தேநீர் குடித்தோம். டீ ஆற்றுகிறவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். முதலாளி கடையிலேயேதான் இருப்பாரா, வெளியே போவாரா? "எங்கயும் போக மாட்டாரும்மா. வெள்ளிக்கிழம மட்டும் ஜும்மா முடிஞ்சு தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுட்டுப் போவாரு" என்றார்.

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்" என்றார், அதற்குமேல் கேட்பவள் அசடு என்பது போல.

அன்று சாயங்காலம் கம்போங் குவாந்தானுக்குப் போய்ப் படகில் மின்மினி பார்த்து வரச் சொன்னார்கள். அண்ணன் எழுந்தேவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். எங்களை ஏன் வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள்? எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி வீண் போகவில்லை. அடுப்படியில் ஹமீதா யாருடனோ போனில் பேசுவது கேட்டது. "அவங்க வந்து பார்த்துச் சரின்னு சொல்லணும்லா. அவங்க வாயால சொல்லாம நாங்க மேற்கொண்டு பேச முடியாது."

எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. ரவூஃபுக்குத் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. பையன் அவள் பெற்றவன். ஹமீதா வளர்த்திருக்கிறாள். ஊருக்கே தெரிந்த விஷயத்தைத் தொண்டிக்காரியிடம் மட்டும் மறைக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. நேரா கேளேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டு, ரவூஃப் தானே வீட்டில் மாட்டுக்கறி சமைத்தார். அன்று மாலை விருந்துக்கு இன்னும் ஒருவர் வருகிறார் என்று சொன்னார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

கறியை இரண்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினார். மஃரிப் தொழுத பிறகுதான் சாப்பாடு என்றார். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் குக்கரில் எட்டு விசில், முக்கால் மணி நேரத்தில் கதை முடிந்தது. ஐந்து மணி நேரம் எதற்கு? கறி கிழடா என்று எட்டிப் பார்த்தேன். இளங்கறிதான். முழங்கால் பக்கத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு, நடுவில் மஜ்ஜையோடு எலும்பு. "கடைக்கு இந்தியாவுலேர்ந்து பெட்டியில வர்ற எருமைக்கறிதான். வீட்டுக்கு இன்னைக்கு இங்கத்து மாடு" என்றார் ரவூஃப். எங்கள் நாட்டு எருமை எனக்கு முன்பே கடல் தாண்டியிருப்பது அன்றுதான் தெரியும்.

வெங்காயத்தைப் பொன்னிறத்தையும் தாண்டி வதக்கினார். மல்லி, சோம்பு, மிளகாய் அரைத்த விழுது, இஞ்சி பூண்டு. பிறகு செராய் என்று ஒரு புல். எலுமிச்சை வாசம் அடிக்கிறது, தண்டை நசுக்கி அப்படியே போட்டார். கறி போட்டு இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றி, தீயை அணைந்துவிடுமோ என்கிற அளவுக்குக் குறைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். அண்ணனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் வேலை. அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, ஒரு கிண்டு கிண்டி, மூடிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். தேங்காய்த் துருவலைக் கறுக வறுத்து எண்ணெய் விடும்வரை இடித்துக் கடைசியில் போட வேண்டுமாம். அதை இர்ஃபான் இடித்தான்.

"அவசரப்பட்டா மாடு கோவிச்சுக்கும்லா" என்றார் ரவூஃப்.

வாசம் கூடம் வரை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் என் கண் அங்கே இல்லை. பின்வாசல் பக்கம் தனியாக ஒரு சின்ன அடுப்பு, அதில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி. அதன் காதில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஹமீதா அதை மட்டும் தானே பார்த்துக்கொண்டாள். அதற்குப் போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அஸர் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். "நீ தொழுதுட்டு வாம்மா, நான் அடுப்பைப் பார்த்துக்கறேன்" என்றேன் ஹமீதாவிடம்.

"கறி அடிப்பிடிக்காம ஒரு கிண்டு விடுங்கக்கா. அந்தச் சின்னச் சட்டிய மட்டும் தொட வேணாம். அது அவங்களுக்கு."

அவள் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெரிய சட்டியைக் கிண்டினேன். பிறகு அதே மர அகப்பையோடு பின்வாசலுக்குப் போனேன். மூடியைத் தூக்கி, அடிவரை விட்டுப் புரட்டிப் பார்த்து, அகப்பை நுனியில் ஒட்டியதை வழித்து நாக்கில் வைத்தேன். ஆட்டுக்கறி! அதுவும் முந்திரி அரைத்து ஊற்றி. சம்பந்தி வீட்டுக்கு மாடு, சின்ன வீட்டுக்கு ஆடா? உடம்பெல்லாம் எரிந்தது. மூடியைப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகப் பெரிய அடுப்புப் பக்கம் வந்து நின்றேன்.

ஏழரை மணிக்கு வாசலில் லோரி ஹாரன் அடித்தது. முதல் நாள் கையாட்டிய அதே டிரைவர். பக்கத்தில் போட்டோவில் பார்த்த அதே பெண். "மச்சான், எம்பொண்டாட்டிய விட்டுட்டேன், பத்திரமா திருப்பிக் குடுங்க. எனக்கு லோடு இருக்கு" என்று அவன் கத்த, ரவூஃப் சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்துவிட்டார். பொண்டாட்டி! என் கணக்கு அந்த வாசலிலேயே விழுந்து உடைந்தது.

ஹமீதா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, இவங்கதான் லெட்சுமி. தரகர் சொல்லியிருப்பாரே. இர்ஃபானுக்குப் பால் குடுத்த அம்மா."

தரகர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இர்ஃபான் பிறந்தபோது ஹமீதாவுக்கு ஜன்னி கண்டு நினைவே இல்லாமல் கிடந்தாளாம். பிள்ளைக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் தலைப்பிள்ளை பெற்றுப் படுத்திருந்த தோட்டத்துப் பெண் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஐந்து மாதம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்திருக்கிறாள். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய்தான். அவள் சரி சொல்லாமல் இந்த வீட்டில் அவனுக்குப் பெண் எடுக்க மாட்டார்கள்.

"லெட்சுமி மாடு தொட மாட்டாங்க. மாடு சமைக்கிற வேற எந்த வீட்டுலயும் கை நனைக்கவும் மாட்டாங்க" என்றாள் ஹமீதா பெருமையாக. "நம்ம வீட்டுல மட்டும்தான். தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. நான் பொழச்சு வீட்டுக்கு வந்ததும் கத்துக்கிட்ட மொத வேலையே இதுதான்க்கா."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்கள் தட்டுகளில் மாட்டுக்கறி விழுந்தது. லெட்சுமியின் தட்டில் ஹமீதா சின்னச் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி வைத்தாள். நான் அகப்பையை விட்டதை யாரும் பார்க்கவில்லை. அதில் ஒட்டியிருந்தது எவ்வளவு இருக்கும், ஒரு கரண்டிக் குழம்பு. மூன்று நாளில் நான் ஊருக்குப் போய்விடுவேன். வாயைத் திறந்தால் நஸ்ரினின் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியாமல் என் தட்டில் ஒருவர் பன்றிக்கறி ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து சிரித்தால் அவரை நான் என்ன சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. லெட்சுமி சோற்றைப் பிசைந்து உருட்டிவிட்டாள்.

"சாப்பிடாதீங்க" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்தச் சட்டியில நான் மாட்டுக்கறி அகப்பைய விட்டுட்டேன்."

லெட்சுமி உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"தொட வேணாம்னு சொன்னேனேக்கா!" ஹமீதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் தொறந்தீங்க?"

பாதி உண்மை சொல்லி என்ன பயன்? தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, போன் பேச்சு, சின்ன வீடு. ரவூஃபின் காது சிவந்தது. அண்ணன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். இர்ஃபான் சிரிக்க ஆரம்பித்து, லெட்சுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

லெட்சுமி எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். "இவருக்கு நான் ரெண்டாம் தாரமா? என் வீட்டுக்காரரு கேட்டா லோரியில ஏத்திடுவாரு" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா கண்ண மூடிக்கிட்டுச் சாப்டேன்மா இந்த வீட்டுல. நானும் உங்கள நம்பி ஒண்ணும் வரல. ஊர்லேர்ந்து மருமக வந்தா இந்தச் சட்டி இருக்குமா, எடுத்து ஓரமா போட்டுடுவாங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். வர்றதுக்கு முன்னாடியே இப்படி ஆயிடுச்சு."

சம்மதம் சொல்லும்படி யாரும் அவளைக் கேட்கத் துணியவில்லை. அவளே சொன்னாள்: "யோசிச்சுச் சொல்றேன்." ஒரு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டாள். ஹமீதா அந்தச் சட்டிக் கறியை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் சத்தம் உள்ளே கேட்டது. மாட்டுக்கறி விரலால் தொட்டாலே பிரிந்தது. அப்படி ஒரு கறியை நான் என் ஆயுளில் சாப்பிட்டதில்லை. என் தட்டில் பாதி மிச்சமிருந்தது.

காலையில் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது டப்பா வாங்கி வந்தேன். நல்ல மீனாகவும் வாங்கலாம் என்று கிளம்பியவளை ஹமீதா தடுத்தாள். முந்தைய நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "வெள்ளிக்கிழம அவங்க கவுச்சி சாப்பிட மாட்டாங்க." கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். கரண்டியை மூன்று தடவை கழுவினேன். கையை எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது. ஹமீதா வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் நம்மை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் கை எவ்வளவு தடுமாறும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜும்மா முடிந்து ரவூஃப் கிளம்பியபோது நானும் காரில் ஏறிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் துணி காயப்போட்டிருந்தார்கள். செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மத்தியானத்துக்கு வீடு வந்திருந்தாள் லெட்சுமி. கால் முழுக்கச் சேறு. டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு சமைச்சது?"

"நான்."

"எந்தச் சட்டியில?"

"புதுச் சட்டி. இன்னைக்கு வாங்குனது."

"கரண்டி?"

"அதுவும் புதுசு."

"கத்தி?"

கத்தியை நான் நினைக்கவே இல்லை. "கத்தி... ஹமீதா குடுத்துச்சு. எந்தக் கத்தின்னு நான் பார்க்கல" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"உங்க காய்கறிக் கத்திதான்லா. மேல் தட்டுல தனியா இருக்கும்ல, அது. ஹமீதா எடுத்துக் குடுக்கறத நான் பார்த்தேன்" என்று லெட்சுமியிடம் சொன்னார் ரவூஃப்.

லெட்சுமி கால் கழுவிக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். கத்திரிக்காயைப் பிட்டு, மோந்து பார்த்து, என் முகத்தைப் பார்த்தபடியே ஒரு வாய் வைத்தாள். மெல்ல மென்றாள்.

"உப்பே இல்லையே" என்றாள்.

கரண்டி கழுவிய மும்முரத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடமாகச் சமைக்கிறவள் நான். அவமானத்தில் தரையைப் பார்த்தேன். அவள் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, ஒரு சிட்டிகை தூவிப் பிசைந்து, இன்னொரு வாய் வைத்தாள். அப்புறம் இன்னொன்று.

"உங்க மகளுக்காவது உப்புப் போடத் தெரியுமா?"

"என்னைவிட நல்லா சமைப்பா" என்றேன்.

"பார்ப்போம்" என்றாள் லெட்சுமி, சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "தேதி வெச்சா மொதல்ல எனக்குச் சொல்லுங்க. தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட ஒரு வாரம் முன்னாடியே லீவு சொல்லணும்லா."